ரெண்டு நாள் கழிச்சு வாங்க

மிக்ஸி நிற்கப்போகிறது என்பதை வீட்டில் முதலில் அறிவது மூக்குதான். காயிலில் பூசிய வார்னிஷ் சூடேறிக் கருகுகிற அந்த வாசனை, தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் மீறிக்கொண்டு, கூடத்தில் பேப்பர் படிப்பவர் வரை வந்துவிடும். வந்தாலும் அவர் பேப்பரை இறக்கமாட்டார், அடுத்தடுத்து என்னென்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சத்தம் ஒருமுறை கம்மும். நிற்கும். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற 'டொக் டொக்' கேட்கும். பிறகு மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதற்கான இடைவெளி. அதுவும் பலிக்கவில்லையென்றால் கடைசியாக அடுக்களை வாசற்படியில் வந்து நிற்பது ஒரு கேள்வி: "ஏங்க, இதை ரிப்பேருக்குக் குடுக்கறதா, இல்ல புதுசே வாங்கிடறதா?"

என் அப்பா காலத்தில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. அவர் தீர்க்கமான மனிதர் என்பதாலோ சிக்கனம் ஒரு நெறி என்று நம்பியதாலோ அல்ல. ரிப்பேரா புதுசா என்று கேட்க, முதலில் புதுசு என்று ஒன்று கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும். எழுபதுகளின் கடைசியில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தபோது, அது அப்பாவின் ஆபீஸ் கூட்டுறவு சொசைட்டியில் கடன் போட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்து வந்த மிக்ஸி. பிடித்தம் முடிவதற்கு முன்பே அது ஒருமுறை நின்றுவிட்டது. கடன் இன்னும் உயிரோடிருக்கும்போது சாமானைச் சாகவிட எந்தக் குடும்பஸ்தனுக்கு மனசு வரும்? அதனால் அது ஒரு துருக்கித் துண்டில் சுற்றப்பட்டு, துண்டின் மேல் ஒரு பழைய பையும் மாட்டப்பட்டு, சைக்கிள் கேரியரில் என் பொறுப்பில் புறப்பட்டது.

பையும் துண்டும் மிக்ஸிக்கு அடிபடாமல் இருக்க என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் அது என் மானத்துக்கு அடிபடாமல் இருக்க. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. துரைசாமி சப்வேயில் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்றும், அவர்களில் பெண்களாக இருப்பவர்கள் முழுமையாகப் பார்க்கிறார்கள் என்றும் நம்புகிற வயது. உடைந்த சாமானை எடுத்துக்கொண்டு போகிறவன் உடைந்த வீட்டிலிருந்து வருகிறவன் என்று அவர்கள் முடிவுகட்டிவிடுவார்களே என்ற பயத்தில், சப்வேயின் சரிவில் பெடலை மிதிக்காமலேயே வேகமாக இறங்கி, அந்தப் பக்க ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதித்து, அங்கேயே ஒரு சபதம் செய்துகொண்டேன்: நான் சம்பாதிக்க ஆரம்பித்தபின் என் வீட்டில் ரிப்பேர் செய்த சாமான் ஒன்றுகூட இருக்காது. அந்தச் சபதம் இன்று பெரும்பாலும் நிறைவேறிவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நிறைவேற்றியது என் சம்பாத்தியம் அல்ல. ரிப்பேர் செய்யவே முடியாத சாமான்களைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

அந்தக் கடை தி. நகர்ப் பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழைந்து, குனிந்தபடியே உட்கார்ந்துவிட வேண்டிய இடம். உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவருக்கு முன்னால் மூடி கழற்றிய ரேடியோக்கள், இறக்கை இல்லாத ஃபேன்கள், வயிறு திறந்த அயர்ன் பாக்ஸ்கள். இவற்றுக்கு நடுவே உடம்பே இல்லாத ஒரு ரேடியோ, வெறும் வால்வும் ஸ்பீக்கருமாக, நாளெல்லாம் பாடிக்கொண்டிருக்கும். அவருடைய ஸ்டெதஸ்கோப் ஒரு குண்டு பல்பு. சாமானையும் பல்பையும் வரிசையாக ஒரே கம்பியில் கோத்து மின்சாரம் விட்டால், பல்பு எரிகிற பிரகாசத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்: முழுசாக எரிந்தால் ஷார்ட், எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது, மங்கலாக எரிந்தால் நல்ல உடம்பு.

எங்கள் மிக்ஸியை அவர் திறந்த விதத்தை இப்போதும் பார்க்கிறேன். நான்கு திருகாணி. அடித்தட்டைக் கழற்றியதும் பல நாள் தோசைமாவு ஒரு சாம்பல்நிறப் படலமாக ஒட்டியிருந்தது தெரிந்து எனக்குக் கூசியது, அவர் அதை விரலால் வழித்துவிட்டு, "ஜார்ல புஷ் தேஞ்சிருக்கு. தண்ணி கீழ இறங்கியிருக்கு" என்றார். பிறகு மோட்டாரின் இரண்டு பக்கத்திலிருந்தும் கார்பனை உருவினார். பென்சில் துண்டு மாதிரி நீளமாக இருக்கவேண்டிய கரித்துண்டு சுண்டுவிரல் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. செம்புத் தகடுகள் பதித்த உருளை ஒன்று நிமிடத்துக்கு 18,000 சுற்று என்கிற மாதிரி வேகத்தில் சுழல, அதன் மேல் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே உரசி மின்சாரத்தை உள்ளே அனுப்புவது அந்தக் கரித்துண்டுதான். தான் தேய்ந்து செம்பைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஜாருக்கு அடியில் இருக்கிற கப்ளரும் அப்படியே. கொம்பு மஞ்சள் பிளேடில் மாட்டிக்கொண்டால் மோட்டார் எரிவதற்குப் பதில் தன் பல்லை உதிர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அதை இரும்பில் செய்யாமல் ரப்பரிலும் நைலானிலும் செய்தார்கள். ஆக, எது முதலில் போகவேண்டும், போனால் எவ்வளவு மலிவாக மாற்றவேண்டும் என்றுகூட ஒருவர் யோசித்துச் செய்த சாமான் அது.

காயில் கட்டும்போது மட்டும் மாஸ்டரிடம் பேசக்கூடாது. கைப்பிடி போட்ட ஒரு சின்ன இயந்திரம். ஒரு கையால் அதைச் சுற்றுவார், மற்ற கையின் இரண்டு விரலுக்கிடையே தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். யாராவது "என் ஃபேன் ஆச்சா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தால், தலையைத் தூக்காமல் ஆட்காட்டிவிரலை மட்டும் உயர்த்துவார். கடையிலிருக்கிற அத்தனை பேரும், சம்பந்தமில்லாத நான் உட்பட, அந்த எண்ணிக்கை முடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டு நிற்போம். முடிந்ததும் அவர் ஒரு பீடி பற்றவைப்பார். அப்புறம் அந்த வாக்கியம்: "ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

இரண்டு நாள் என்பது நாற்பத்தெட்டு மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு போனவர்கள் அந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். இரண்டாம் நாள் போனால், "வார்னிஷ் காயணும்." நான்காம் நாள் போனால், "மழை பெய்யுதே, எப்படிக் காயும்?" ஆறாம் நாள் சாமான் பாரிமுனையிலிருந்து வரவேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பெஞ்சில் உட்காரவைத்து, எதிர்க்கடையிலிருந்து டீ சொல்லி, எந்த வீட்டு ரேடியோ எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்புவார். ஒரு தெருவின் உள்விவகாரம் முழுக்க அவருக்குத் தெரியும். எவர் வீட்டில் அயர்ன் பாக்ஸ் சுவரில் எறியப்பட்டு நசுங்கியது என்பது வரை தெரியும், சொல்லமாட்டார். நான் அந்த பெஞ்சில் கிரிக்கெட் கமெண்டரி கேட்டுக்கொண்டே கழித்த மத்தியானங்களை இன்று எந்த ஷோரூமும் எனக்குத் தரமுடியாது என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உருகிச் சொன்னபோது, என் மனைவி ரசத்தைக் கலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அந்த ரெண்டு நாளும் உங்க வீட்ல சட்னி யார் அரைச்சா?"

அம்மாதான். வேறு யார்? மாஸ்டரின் இரண்டு நாள் எட்டு நாளாக நீண்டபோது, கொல்லைப்புறத்தில் ஓரமாகச் சாய்த்துவைத்திருந்த அம்மி மறுபடி கழுவப்பட்டது. மிக்ஸி வந்த தைரியத்தில் அம்மி கொத்துகிறவரைத் திருப்பி அனுப்பியிருந்ததால் அது வழவழவென்று ஆகி, மிளகாய் மசியாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அம்மா குத்துக்காலிட்டு அரைத்துக்கொண்டிருப்பாள். நான் அந்த நேரம் டீ குடித்துக்கொண்டு கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ரிப்பேர் காலத்தின் அருமை பெருமைகளை எழுதுகிறவர்களை ஒரு வரிசையில் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் மீசை வைத்தவர்களாகவே இருப்பார்கள். கடைக்குப் போய்வந்தவர்களுக்கு அது நினைவு. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அது தோள்பட்டை வலி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத அனுமதி என்று எனக்கு உத்தரவு.

மிக்ஸி என்கிற சாமானே இந்த நாட்டில் பிறந்தது ஒரு ரிப்பேர் தகராறில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்றொரு என்ஜினீயர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி நம் ஊர்ச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் எரிந்துபோனது, பழுது பார்க்க இங்கே வழியில்லை. ஜெர்மன்காரர்கள் அதை மென்மையான வேலைகளுக்காகச் செய்திருந்தார்கள். ஊறவைத்த உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் அவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். மாத்தூர் தானே ஒன்றைச் செய்யப் புறப்பட்டு, 1963-ல் கம்பெனி தொடங்கி, 'சுமீத்' என்று பெயர் வைத்தார். தெற்கே, அதற்கும் சில வருஷம் முன்பே, 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி கிரைண்டர் செய்திருந்தார். ரிப்பேர் செய்ய ஆள் இல்லை என்பதற்காக ஒரு புது இயந்திரத்தையே உண்டாக்கிய தலைமுறை அது. அதே இயந்திரத்தை ரிப்பேர் செய்வதைவிட இன்னொன்று வாங்குவது சுலபம் என்கிற இடத்துக்கு நாம் வந்து சேர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தக் கால மிக்ஸிக்கு இன்னொரு சக்தியும் இருந்தது. கார்பன் உரசும்போது கிளம்புகிற பொறி, பக்கத்து வீட்டு ரேடியோவில் கரகரப்பாகவும், டி.வி.யில் குறுக்குக் கோடுகளாகவும் போய் விழும். மதராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்த பிறகு, எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' ஓடுகிற நேரத்தில் மிக்ஸி போடுவது என்பது ஒரு சமூக விரோதச் செயல். டி.வி. இருந்தது ஒரு வீட்டில். பார்த்தது பத்து வீட்டார். யார் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று கோட்டின் தடிமனை வைத்தே கண்டுபிடிக்கிற ஒரு மாமா இருந்தார், அவர் வாசலுக்கு வந்து வலப்பக்கம் பார்த்துக் கத்துவாரா இடப்பக்கம் பார்த்துக் கத்துவாரா என்பது படத்தில் தெரிகிற பாட்டைவிடச் சுவாரஸ்யமாக இருக்கும். இன்று என் பக்கத்து ஃபிளாட்டில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது, என் வீட்டில் என்ன நின்றது என்பது அவருக்கும் தெரியாது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஃபியூஸ் போன குண்டு பல்பைக்கூட அவர் உடனே எறியமாட்டார். ஹோல்டரில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டபடியே, விரல்நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டேயிருப்பார். உள்ளே அறுந்து தொங்குகிற இழையின் இரண்டு முனையும் ஏதாவது ஒரு தட்டலில் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். பல்பு பளீரென்று எரியும். இழை குட்டையாகிவிட்டதால் முன்னைவிடப் பிரகாசமாகவே எரியும். அப்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சம் வேறு. நான் அதை அல்பத்தனம் என்று நினைத்தேன். பல்பு என்ன விலை, இதற்கு இவ்வளவு பாடா? பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, 1924-ல் ஜெனீவாவில் உலகத்துப் பெரிய பல்பு கம்பெனிகள் ஒன்றுகூடி, எந்த பல்பும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது, எரிந்தால் செய்தவனுக்கு அபராதம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள் என்பது. மாம்பலத்தில் ஒரு மேல்நிலை குமாஸ்தா, விஷயமே தெரியாமல், ஆட்காட்டிவிரலால் அந்தச் சதியை முறியடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போதைய ரிப்பேர் முதலில் தொலைபேசியில் நடக்கிறது. தமிழுக்கு இந்த எண், ஆங்கிலத்துக்கு அந்த எண். குளிர்சாதனப் பெட்டியா, சலவை இயந்திரமா. வாரண்டிக்கு உள்ளேயா வெளியேயா. வெளியே என்று சொன்னவுடன் அந்தக் குரலில் ஒரு துக்கம் வருவதாக எனக்குப் படும், பிரமையாக இருக்கலாம். பிறகு ஒரு பையன் வருவான், மிக மரியாதையான பையன், செருப்பைக் கழற்றிவிட்டு வருவான். போன வருஷம் துணி துவைக்கிற மெஷின் நின்றபோது வந்தவன் முன்பலகையைத் திறந்து பார்த்து, "போர்டு போயிடுச்சு சார்" என்றான். போர்டில் எது போயிற்று என்று கேட்டேன். அவன் என்னை ஒரு புராதனப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். போர்டில் எதுவும் தனியாகப் போவதில்லை, போர்டே போகும். போர்டை மாற்றுகிற செலவு, புது மெஷின் விலையில் பாதிக்கு வந்து நின்றது. பாதிக்கு மேல் போனால் புதுசு, கீழே இருந்தால் ரிப்பேர் என்று அனுபவஸ்தர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சரியாகப் பாதியில் வந்து நின்றால் என்ன செய்வது என்று எவரும் சொல்லிவைக்கவில்லை. வந்ததற்கு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு, தன் வேலைக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போனான். மாஸ்டருக்கு நாங்கள் யாரும் நட்சத்திரம் போட்டதில்லை. திட்டினோம், திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அவரிடமே போனோம்.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் ஏற்பாடு நடக்கிறது என்று பெங்களூரில் இருக்கிற என் பையன் சொல்வான். ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் ஒரு பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று தொடங்கினார். உடைந்த சாமானை எடுத்துக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்து தருவார்கள், காபியும் உண்டு. அது இப்போது பல தேசங்களுக்குப் பரவியிருக்கிறது. காபிக்குப் பதில் டீ என்பதைத் தவிர, மாடிப்படிக்கு அடியில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை; மாஸ்டருக்கு அது ஓர் இயக்கம் என்று தெரிந்திருந்தால் வாடகை பாக்கிக்கு நன்கொடையாவது திரட்டியிருப்பார். பிரான்ஸில் 2021 முதல், சில வகைச் சாமான்களைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்டவேண்டும் என்று சட்டம். நம் மத்திய அரசும் 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கியது. அதாவது, என் அப்பாவுக்கு வேறு வழியில்லாமல் இருந்த ஒன்று, என் பையன் காலத்தில் போராடிப் பெறவேண்டிய உரிமையாகியிருக்கிறது. நான் சைக்கிளில் துண்டு போட்டு மறைத்ததை, அவன் கொடியில் எழுதிப் பிடிக்கவேண்டும்.

சரி, இப்போதைய மிக்ஸிக்கு வருவோம். தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. முன்பக்கம் முழுக்க செல்போன் உறைகள் தொங்குகின்றன, பின்னால் ஓர் இளைஞர் மிக்ஸியும் பார்க்கிறார். இந்த முறை துண்டு போடாமல், வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு போனேன். ஒருவரும் பார்க்கவில்லை, அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர் திறந்து முகர்ந்தார்.

"காயில் போயிடுச்சு சார். ஆர்மேச்சரும் சேர்த்து மாத்தணும். ஆயிரத்து ஐந்நூறு ஆகும். நான் சொல்லக்கூடாது, ஆனா புதுசே வாங்கிடலாம்."

"காயில் கட்ட முடியாதா?"

"கட்டறவங்க யாரு சார் இருக்காங்க? ரெடிமேடா வருது, மாட்டறதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழசுல காப்பர் சார். புதுசுல சிலது அலுமினியம் வருது" என்றும் சொன்னார். புதுசு வாங்கச் சொன்ன வாயாலேயே பழசைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவரிடம் நான் ரிப்பேருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். "எப்ப வரட்டும்?" என்றேன், ஆசையோடு.

"சாயங்காலமே வாங்க சார்."

அதற்குள் விஷயம் பெங்களூருக்குப் போய்விட்டது. என் மனைவியும் பையனும் மத்தியானம் பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலை வாசலில் புது மிக்ஸி வந்து இறங்கிவிட்டது. நல்ல மிக்ஸி. சத்தம் குறைவு, ஜார் பூட்டிக்கொள்கிறது, மூடி சரியாக இல்லையென்றால் ஓட மறுக்கிறது. என் அம்மா இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். பழசும் உயிர்பெற்று வந்து பக்கத்தில் நின்றது. அடுக்களை மேடையில் இருவருக்கு இடமில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாளிடம் பழசைக் கொடுத்துவிடலாம் என்று மனைவி தீர்மானித்தாள். தீர்மானித்தது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த அம்மாள் மிக்ஸியைச் சுற்றிவந்து பார்த்தார். "எங்க வீட்ல இருக்குக்கா."

"எது?"

"கவுருமெண்டு மிக்ஸி. அம்மா குடுத்தது." 2011-ல் முதலமைச்சர் 'அம்மா' ஆட்சியில் ரேஷன் கார்டுக்கு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று கொடுக்க ஆரம்பித்தார்களே, அதில் வந்தது.

"அது இன்னுமா ஓடுது?" என்று நானும் மனைவியும் ஒரே குரலில் கேட்டோம்.

"ஏன் ஓடாது? கார்பன் தேஞ்சா மாத்தணும், அவ்ளோதான? முதல் தடவ கடைல குடுத்தேன், அவன் பண்றதப் பாத்துக்கிட்டேன். இப்ப நானே போட்டுக்கறேன்." பிறகு அவர் பார்வை, புது மிக்ஸி வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் மேல் போய் நின்றது. "சார், அந்தப் பெட்டி வேணாம்னா குடுங்க. துணி வெச்சுக்கலாம்."

தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாரண்டிக்குப் பெட்டி கேட்பார்களா என்று பெங்களூரில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.